வீட்டுப் பிரிண்டரை வைஃபையில் சேர்த்து, சேர்ந்தபடியே இருக்கச் செய்வது: திருகோணமலை வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

புதிய பிரிண்டர் ஒன்றை வீட்டு வைஃபையில் சேர்ப்பது பத்துப் பதினைந்து நிமிட வேலை. பெட்டிக்குள் வரும் தாளில் உள்ள படங்களைப் பார்த்தே பலர் அதைச் செய்துவிடுகிறார்கள். சிக்கல் பிறகுதான் வருகிறது. ஒரு மாலை மின்சாரம் நின்று வருகிறது. மறுநாள் காலை பிள்ளையின் புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாளை அச்சிடப் போனால், கணினி 'ஓஃப்லைன்' என்று காட்டுகிறது. பிரிண்டரில் விளக்கு எரிகிறது, வைஃபை விளக்கும் எரிகிறது, தாள் மட்டும் வருவதில்லை. உடனே எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறோம். அன்று வேலை செய்கிறது. அடுத்த மின்தடையோடு மறுபடி அதே கதை.

ஆகவே இந்த வழிகாட்டியில் சேர்ப்பதற்கான முறைகளைச் சொல்லிவிட்டு, சேர்ந்தது விலகாமல் இருக்க வேண்டிய வேலைக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். அந்த வேலை ஒன்றும் கடினமானதல்ல. பிரிண்டருக்கு மாறாத ஒரு முகவரியைக் கொடுப்பதுதான் அதில் முக்கால் பங்கு.

முதலில் ஒரு பயத்தைப் போக்கிக்கொள்ளுங்கள்

வைஃபை வழியாக அச்சிட்டால் டேட்டா கரைந்துவிடும் என்று நினைத்து, வைஃபை உள்ள பிரிண்டரையும் வயரிலேயே வைத்திருக்கும் வீடுகள் இருக்கின்றன. உங்கள் கைபேசியிலிருந்து ரவுட்டருக்கும், ரவுட்டரிலிருந்து பிரிண்டருக்கும் போகும் தகவல் வீட்டை விட்டு வெளியே போவதில்லை. பெக்கேஜ் முடிந்துபோயிருந்தாலும், ஃபைபர் இணைப்பு அறுந்திருந்தாலும், ரவுட்டருக்கு மின்சாரம் இருக்கும்வரை அச்சிடலாம். இணையம் தேவைப்படுவது முதல் நாள் செயலியையும் டிரைவரையும் (கணினி பிரிண்டரோடு பேச உதவும் மென்பொருள்) இறக்கும்போதுதான்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. எச்.பி. நிறுவனம் 'எச்.பி. பிளஸ்' என்ற திட்டத்தோடு விற்ற பிரிண்டர்கள், அதில் ஒருமுறை சேர்ந்துவிட்டால், எப்போதும் இணையத் தொடர்பையும் அந்த நிறுவனத்தின் அசல் மையையும் கேட்கும். பின்னர் அதிலிருந்து விலக வழியில்லை. மாதிரி எண்ணின் கடைசியில் ஆங்கில 'ஈ' எழுத்து இருந்தால், அமைக்கும்போது திரையில் வரும் அழைப்பை வாசிக்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். மாதம் முழுவதும் இணையம் இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாத வீட்டுக்கு அந்தத் திட்டம் பொருந்தாது.

உங்கள் பிரிண்டரில் வைஃபை இருக்கிறதா

மத்திய வீதியில் வாங்கினாலும் கொழும்பிலிருந்து வரவழைத்தாலும், பணம் கொடுக்கும் முன் மாதிரி எண்ணை எழுத்து எழுத்தாகப் பாருங்கள். எப்சன் எல் 3210, எல் 3250 இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். முதலாவதில் யூ.எஸ்.பி. வயர் மட்டும்தான், இரண்டாவதில் வைஃபை உண்டு. கெனன் ஜி 2010 இல் வைஃபை இல்லை, ஜி 3010 இல் இருக்கிறது. கெனனின் சிறிய லேசர் பிரிண்டரான எல்.பி.பி. 6030, கடைசியில் 'டபிள்யூ' எழுத்தோடு வந்தால்தான் வைஃபை உள்ளது. பிரதர் டி 220 உம் டி 420 டபிள்யூவும் அப்படியே. எச்.பி. லேசர் 107 ஏ வயர் வகை, 107 டபிள்யூ வைஃபை வகை.

வைஃபை இல்லாத பிரிண்டர் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் புதிதாக வாங்கத்தான் வேண்டும் என்றில்லை. அதை ஒரு கணினியில் வயரால் இணைத்து, விண்டோஸில் 'ஷெயர்' செய்துவிட்டால், அந்தக் கணினி இயங்கும் நேரங்களில் வீட்டிலுள்ள மற்றக் கணினிகள் பயன்படுத்தலாம். கைபேசியிலிருந்து நேரே அச்சிடுவது மட்டும் அதில் எளிதாக அமையாது.

ரவுட்டரில் பார்க்க வேண்டியவை

வீட்டு ரவுட்டர்கள் பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகளில் வேலை செய்கின்றன: 2.4 கிகாஹேர்ட்ஸ், 5 கிகாஹேர்ட்ஸ். வீட்டு உபயோகத்துக்கான பிரிண்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். 5 கிகாஹேர்ட்ஸ் பெயரை அவை தேடினாலும் காண மாட்டா. பிரிண்டரின் பட்டியலில் உங்கள் வைஃபை பெயர் வரவில்லையென்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் பிரிண்டர் தானாகவே 2.4 ஐப் பிடித்துக்கொள்ளும். இடறுவது கைபேசிதான். அது 5 இல் இருந்துகொண்டு, செயலி வழியாகப் பிரிண்டரைச் சேர்க்க முயலும்போது சில செயலிகள் குழம்பிவிடும். அப்போது ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் 5 கிகாஹேர்ட்ஸைச் சிறிது நேரம் நிறுத்திவைத்து, பிரிண்டரைச் சேர்த்துவிட்டு, திரும்ப இயக்கிவிடுங்கள். பிரிண்டர் 2.4 இல் இருந்தால் கைபேசியும் என்றைக்கும் 2.4 இல்தான் இருக்க வேண்டும் என்று பலர் சொல்லுவார்கள். அது தவறு. சேர்ந்த பிறகு கைபேசி 5 இலும் பிரிண்டர் 2.4 இலும் இருக்கலாம். இரண்டையும் ரவுட்டர் இணைத்துவைக்கும்.

அடுத்தது பாதுகாப்பு வகை. ரவுட்டரில் டபிள்யூ.பி.ஏ.3 மட்டும் தெரிவு செய்யப்பட்டிருந்தால் சில ஆண்டுகள் பழைய பிரிண்டர்கள் உள்ளே வர முடியாது. டபிள்யூ.பி.ஏ.2 என்றோ, இரண்டும் கலந்த வகை என்றோ வையுங்கள். அதற்கும் கீழே இறங்க வேண்டாம். பழைய டபிள்யூ.ஈ.பி. வகையை உடைப்பது இன்று மிக எளிது.

வைஃபை கடவுச்சொல் 8 முதல் 63 எழுத்துகள்வரை இருக்கலாம். ஆங்கில எழுத்தும் இலக்கமும் போதும். பெயரில் தமிழ் எழுத்தோ, படக்குறியோ, இடைவெளியோ இருந்தால் கைபேசிகள் சமாளித்துவிடும், பிரிண்டர்கள் தடுமாறும். பெயரை மறைத்துவைக்கும் வசதி இயக்கத்தில் இருந்தால் அதையும் நிறுத்திவிடுங்கள். அதனால் பெரிய பாதுகாப்பு எதுவும் கிடைப்பதில்லை, பிரிண்டருக்குத் தொல்லைதான்.

எங்கே வைப்பது

ஃபைபர் வயர் வீட்டுக்குள் நுழையும் இடத்தில்தான் ரவுட்டர் பொருத்தப்படும். அது பெரும்பாலும் முன் விறாந்தை அல்லது வரவேற்பறை. சிம் போடும் 4ஜி ரவுட்டரை நாமே கோபுரம் இருக்கும் பக்க யன்னலோரம் வைக்கிறோம். பிரிண்டரோ பிள்ளைகள் படிக்கும் பின் அறையில் இருக்கும். இடையில் இரண்டு தடித்த சுவரும் ஓர் இரும்பு அலுமாரியும் வந்துவிட்டால் அலை தேய்ந்துபோகும். செங்கல்லைவிட இரும்பும் தண்ணீரும்தான் மோசமான தடைகள். மைக்ரோவேவ் அடுப்பும் அதே 2.4 கிகாஹேர்ட்ஸில் இயங்குவதால், அது ஓடும் சில நிமிடங்களுக்குப் பக்கத்தில் உள்ள பிரிண்டர் தடுமாறலாம்.

முதல் நாள் பிரிண்டரை ரவுட்டர் இருக்கும் அறைக்கே கொண்டுபோய் வைஃபையில் சேர்த்துவிடுங்கள். சேர்ந்த பிறகு அதன் இடத்துக்கு மாற்றுங்கள். அங்கே கைபேசியில் வைஃபை இரண்டு கோடுகளாவது காட்டினால் பிரிண்டருக்கும் போதும்.

உப்புவெளி, நிலாவெளி போலக் கடலுக்கு அருகே இருப்பவர்களுக்கு ஒன்று. யன்னலோர மேசை பார்க்க அழகாக இருக்கும். ஆனால் வாடைக்காற்றுக் காலத்தில் ஈரமும் உப்பும் நேரே உள்ளே வரும். தாள் ஈரத்தை உறிஞ்சினால் இரண்டு மூன்றாக ஒட்டிக்கொண்டு இழுபடும், யூ.எஸ்.பி. வாயில் களிம்பு பிடிக்கும். உள் சுவரோரம் வைத்து, மீதித் தாளை அதன் உறையிலேயே மூடி வையுங்கள்.

சேர்க்கும் முறைகள்

நான்கு வழிகள் இருக்கின்றன. பிரிண்டரில் திரை இருந்தால் முதல் வழியையே எடுங்கள். நடுவில் கைபேசியும் செயலியும் இல்லாததால் பிழைக்கு இடம் குறைவு.

முதல் வழி, பிரிண்டரின் திரை. மெனுவில் 'நெட்வேர்க்' அல்லது 'வைஃபை செட்டப்' என்ற இடத்துக்குப் போய் 'செட்டப் விஸார்ட்' என்பதைத் தெரிவு செய்யுங்கள். பிரிண்டர் சுற்றிலும் தேடி ஒரு பட்டியலைக் காட்டும். அடுத்த வீட்டுப் பெயர்களுக்கு நடுவே உங்களுடையதைக் கண்டுபிடித்துத் தெரிவு செய்து, கடவுச்சொல்லைக் கொடுங்கள். தொடுதிரை என்றால் கைபேசியில் எழுதுவது போலத்தான். இரண்டு வரி மட்டும் காட்டும் சிறு திரையாக இருந்தால் பொறுமை வேண்டும். மேல் அம்பை அழுத்த அழுத்த எழுத்துகள் ஒவ்வொன்றாக மாறிவரும், வலது அம்பு அடுத்த இடத்துக்கு நகர்த்தும், சிறிய எழுத்திலிருந்து பெரிய எழுத்துக்கும் பிறகு இலக்கத்துக்கும் மாற வேறொரு பொத்தான் இருக்கும். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் கடவுச்சொல்லைப் பார்த்து எழுதுகிறவர்கள் பூச்சியத்தையும் ஆங்கில 'ஓ'வையும், ஒன்றையும் சிறிய 'எல்'லையும் மாற்றிப் போட்டுவிடுகிறார்கள். முதலில் ஒரு தாளில் பெரிதாக எழுதிக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக அடித்துக்கொண்டே போங்கள். 'கனெக்டட்' என்று வந்ததும் இந்தப் பகுதி முடிந்தது.

இரண்டாவது வழி, உற்பத்தியாளரின் செயலி. திரை இல்லாத பிரிண்டர்களுக்கு இதுவே நடைமுறை வழி. எப்சனுக்கு 'ஸ்மார்ட் பெனல்', கெனனுக்கு 'கெனன் பிரிண்ட்', பிரதருக்கு 'மொபைல் கனெக்ட்' என்று ஒவ்வொரு நிறுவனமும் தனிச் செயலி வைத்திருக்கிறது, எச்.பி.க்கும் உண்டு. புதிய பிரிண்டர், தன்னை யாராவது சேர்த்துக்கொள்ளட்டும் என்று தற்காலிகமாக ஒரு சிறிய வைஃபையைத் தானே பரப்பும். செயலி அதில் நுழைந்து, உங்கள் வீட்டு வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் அதனிடம் ஒப்படைத்துவிட்டு விலகிவிடும். இந்த ஒப்படைப்பு நடக்கச் சில நிபந்தனைகள் உண்டு.

1. கைபேசி உங்கள் வீட்டு வைஃபையில் இருக்க வேண்டும். மொபைல் டேட்டாவை நிறுத்திவிடுங்கள். பிரிண்டரின் தற்காலிக வைஃபையில் இணையம் இல்லை என்பதைக் கண்டவுடன் கைபேசி டேட்டாவுக்குத் தாவிவிடும். அந்த நொடியே வேலை அறுந்துபோகும்.
2. வி.பி.என். (இணையத் தொடர்பை வேறு வழியாகத் திருப்பிவிடும் செயலி) ஏதாவது ஓடினால் நிறுத்துங்கள்.
3. ஆண்ட்ரொய்ட் கைபேசியில் இருப்பிட அனுமதி கேட்டால் கொடுங்கள். அருகிலுள்ள வைஃபைகளைத் தேட அந்த அனுமதி வேண்டும் என்பது ஆண்ட்ரொய்டின் ஏற்பாடு. ஐஃபோனில் 'லோக்கல் நெட்வேர்க்' அனுமதி கேட்கும். அதை மறுத்துவிட்டால் பிரிண்டர் கண்ணெதிரே இருந்தும் செயலிக்குத் தெரியாது.
4. பிரிண்டரை அமைப்பு நிலைக்குக் கொண்டுவாருங்கள். பல மாதிரிகளில் வைஃபை பொத்தானைச் சில வினாடிகள் அழுத்திப் பிடித்தால் விளக்கு சிமிட்டத் தொடங்கும். எச்.பி. பிரிண்டர்கள் இந்த நிலையில் 2 மணி நேரம்தான் இருக்கும். பெட்டியைத் திறந்து மை ஊற்றிவிட்டுச் சாப்பிடப் போய்வந்தால் காலம் முடிந்திருக்கலாம். பொத்தானை மறுபடி அழுத்திப் பிடித்தால் போதும்.
5. செயலியில் புதிய பிரிண்டரைச் சேர்க்கும் இடத்தைத் தொட்டு, கேட்கும் இடத்தில் வீட்டு வைஃபையின் கடவுச்சொல்லைக் கொடுங்கள். சிமிட்டும் விளக்கு நிலையாக எரிந்தால் சேர்ந்துவிட்டது.

மூன்றாவது வழி, டபிள்யூ.பி.எஸ். பொத்தான். ரவுட்டரில் அந்தப் பொத்தான் இருந்தால், பிரிண்டரில் வைஃபை விளக்கு சிமிட்டும்வரை அழுத்திப் பிடித்துவிட்டு, 2 நிமிடத்துக்குள் ரவுட்டரின் பொத்தானை அழுத்துங்கள். கடவுச்சொல்லே வேண்டாம். டபிள்யூ.பி.ஏ.3 மட்டும் இயங்கும்போது இது வேலை செய்யாது. 'பின்' இலக்கம் கொடுத்துச் சேர்க்கும் டபிள்யூ.பி.எஸ். முறையை மட்டும் தொடாதீர்கள். அந்த எட்டு இலக்கத்தை ஊகித்துப் பிடிக்கக்கூடிய பலவீனம் 2011 இலேயே வெளிவந்துவிட்டது. ரவுட்டரில் அது இயங்கினால் நிறுத்திவிடுங்கள்.

நான்காவது, யூ.எஸ்.பி. வயரைத் தற்காலிகமாகப் போட்டு, கணினியில் நிறுவும் மென்பொருள் வழியாக வைஃபை விவரங்களைக் கொடுப்பது. மற்ற மூன்றும் சரிவராதபோது இது கைகொடுக்கும். வேலை முடிந்ததும் வயரைக் கழற்றிவிடுங்கள். வயர் செருகியிருந்தால் வைஃபையைத் தானாகவே நிறுத்திவிடும் மாதிரிகளும் இருக்கின்றன.

வீட்டில் ரவுட்டரே இல்லை, கைபேசியின் ஹொட்ஸ்பொட் மட்டும்தான் என்றால், பிரிண்டரின் 'வைஃபை டைரக்ட்' வசதி பொருத்தமானது. கைபேசி நேரே பிரிண்டரின் சொந்த வைஃபையில் சேர்ந்து அச்சிடும். 'இந்த வைஃபையில் இணையம் இல்லை' என்று கைபேசி எச்சரித்தாலும் அதிலேயே இருக்கச் சொல்லுங்கள்.

மாறாத முகவரி

வைஃபையில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டர் ஓர் ஐ.பி. முகவரியைக் கொடுக்கிறது, உதாரணமாக 192.168.1.7. அது நிரந்தரமானதல்ல. மின்சாரம் போய் வந்த பிறகு எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் முகவரி கேட்கும்போது, நேற்றுப் பிரிண்டருக்கு இருந்த 7 இன்று ஒரு கைபேசிக்குப் போய்விடலாம், பிரிண்டருக்கு 12 கிடைக்கலாம். கணினியோ இன்னும் 7 ஐத் தேடிக்கொண்டிருக்கும். எல்லா விளக்கும் எரிந்தும் 'ஓஃப்லைன்' என்று வருவதற்கு மிகப் பொதுவான காரணம் இதுதான். பிரிண்டரை அழித்துத் திரும்பச் சேர்த்தால் கணினி 12 ஐக் கற்றுக்கொள்கிறது. அதனால்தான் அடுத்த மின்தடைவரை எல்லாம் சரியாக இருக்கிறது.

கொழும்பு பஸ்ஸில் இருக்கையை முற்பதிவு செய்வது போல, பிரிண்டருக்கு ஒரு முகவரியை ரவுட்டரில் பதிந்துவிடலாம்.

1. பிரிண்டரிலிருந்து நெட்வேர்க் விவரத் தாளை அச்சிடுங்கள். திரையுள்ளவற்றில் அது நெட்வேர்க் மெனுவில் இருக்கும். திரையில்லாதவற்றில் தகவல் பொத்தானையோ வைஃபை பொத்தானையோ அழுத்த வேண்டும். கையேட்டில் அந்தப் பக்கத்தைப் பாருங்கள். தாளில் வைஃபை பெயர், ஐ.பி. முகவரி, அலையின் வலிமை ஆகியவற்றோடு மெக் முகவரி என்று 12 எழுத்தும் இலக்கமும் கலந்த ஒரு வரி இருக்கும். அது அந்தக் கருவிக்கு மட்டும் உரியது, மாறாதது.
2. கணினியிலோ கைபேசியிலோ பிரவுசரைத் திறந்து ரவுட்டரின் முகவரியை அடியுங்கள். பெரும்பாலும் 192.168.1.1, சில 4ஜி ரவுட்டர்களில் 192.168.8.1. ரவுட்டரின் அடியில் உள்ள ஒட்டியில் முகவரி, பயனர் பெயர், கடவுச்சொல் மூன்றும் இருக்கும்.
3. 'லேன்' அல்லது 'டி.எச்.சி.பி.' பகுதிக்குள் 'அட்ரெஸ் ரிசர்வேஷன்', 'ஸ்டேட்டிக் டி.எச்.சி.பி.' என்பது போன்ற பெயரில் ஓர் இடம் இருக்கும்.
4. அங்கே பிரிண்டரின் மெக் முகவரியையும், நீங்கள் விரும்பும் ஓர் ஐ.பி. முகவரியையும் எழுதிச் சேமியுங்கள். 192.168.1.50 என்று வைத்துக்கொள்வோம்.
5. பிரிண்டரை நிறுத்தி இயக்குங்கள். மறுபடி விவரத் தாளை அச்சிட்டு 50 வந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்திருந்தால் அந்த எண்ணைப் பிரிண்டரின் மேலேயே சிறு தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

சேவை நிறுவனம் கொடுத்த ரவுட்டரில் அந்தப் பகுதி பூட்டப்பட்டிருக்கலாம். அப்படியானால் பிரிண்டரின் நெட்வேர்க் அமைப்பில் ஐ.பி. முறையை 'மெனுவல்' ஆக்கி முகவரியை நீங்களே கொடுங்கள். சப்நெட் மாஸ்க் 255.255.255.0, கேட்வே என்பது ரவுட்டரின் முகவரி. ரவுட்டர் தானாகப் பங்கிடும் வரம்புக்கு வெளியே உள்ள எண்ணைத் தெரிவு செய்வது முக்கியம். அது 100 முதல் 200 வரை பங்கிட்டால் 50 பாதுகாப்பானது. வரம்புக்குள் உள்ள எண்ணை எடுத்தால், அதே எண் ஒருநாள் வேறொரு கைபேசிக்கும் போய் இரண்டும் மோதும்.

கணினியில் சேர்ப்பது

விண்டோஸில் 'செட்டிங்ஸ்' உள்ளே 'பிரிண்டர்ஸ் அன்ட் ஸ்கேனர்ஸ்' பகுதிக்குப் போய், புதிய கருவியைச் சேர்க்கும் பொத்தானை அழுத்தினால் பிரிண்டர் தானாகவே பட்டியலில் வரும். அவசரப்பட்டு அதைத் தொடாதீர்கள். அப்படிச் சேரும்போது விண்டோஸ் பல நேரங்களில் 'டபிள்யூ.எஸ்.டி.' என்ற போர்ட்டை (கணினி பிரிண்டருக்குத் தகவல் அனுப்பும் வழி) எடுத்துக்கொள்கிறது. அது பிரிண்டரை ஒவ்வொரு முறையும் தேடிக் கண்டுபிடிக்கும் முறை. தேடல் தவறினால் மீண்டும் 'ஓஃப்லைன்'. நிலையான முகவரி கொடுத்துவிட்டோமே, அதையே பயன்படுத்துவோம்.

உற்பத்தியாளரின் தளத்திலிருந்து உங்கள் மாதிரிக்குரிய முழு மென்பொருள் தொகுப்பை இறக்கி நிறுவுங்கள்; ஸ்கேன் செய்வதற்கும் அது வேண்டும். இணைப்பு வகையைக் கேட்கும்போது வைஃபையைத் தெரிவு செய்து, வசதி இருந்தால் ஐ.பி. முகவரியைக் கையால் கொடுங்கள். ஏற்கெனவே சேர்த்துவிட்டீர்கள் என்றால், 'பிரிண்டர் புரொபர்ட்டீஸ்' திறந்து, 'போர்ட்ஸ்' தாவலில் 'அட் போர்ட்' அழுத்தி, 'ஸ்டாண்டர்ட் டி.சி.பி./ஐ.பி. போர்ட்' தெரிவு செய்து 192.168.1.50 என்று கொடுங்கள். கூடவே வீட்டு வைஃபை விண்டோஸில் 'பப்ளிக்' ஆக இருந்தால் 'பிரைவேட்' ஆக மாற்றிவிடுங்கள்.

கைபேசியிலிருந்து

ஐஃபோனில் 'ஏர்பிரிண்ட்' 2010 முதல் உள்ளேயே இருக்கிறது. பிரிண்டரும் அதே வைஃபையில் இருந்தால் 'பிரிண்ட்' என்பதைத் தொட்டதும் பெயர் வரும். ஆண்ட்ரொய்டில் பிரிண்ட் சேவை உள்ளேயே இருக்கும். பெயர் வராவிட்டால் 'மொப்ரியா' சேவையையோ உற்பத்தியாளரின் சேவையையோ நிறுவுங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு குறிப்பு. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த வினாத்தாளை வேர்ட் கோப்பாகவே கைபேசிக்கு அனுப்பினால், அங்கே அந்த எழுத்துரு இல்லாததால் ஆங்கில எழுத்தும் குறிகளுமாக அச்சாகும். அது பிரிண்டரின் குற்றமல்ல. கணினியிலேயே பி.டி.எஃப். ஆக்கி அனுப்புங்கள், எந்தக் கைபேசியிலிருந்தும் சரியாக வரும்.

வேலை செய்யாதபோது, இந்த வரிசையில்

உவர்மலையில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தொலைபேசியில் கேட்டார்: "தம்பி, எல்லா விளக்கும் எரிகிறது. ஆனால் அச்சு வரவில்லை. டிரைவரை அழிக்கட்டுமா?" "வேண்டாம் சேர். முதலில் பிரவுசரில் பிரிண்டரின் முகவரியை அடித்துப் பாருங்கள்" என்றேன். யார் கேட்டாலும் என் முதல் பதில் அதுதான். அந்த ஒரு சோதனை பிரச்சினையைப் பாதியாக வெட்டிவிடும்.

192.168.1.50 என்று அடித்ததும் பிரிண்டரின் சொந்தப் பக்கம் திறந்தால், வைஃபை சரி, கோளாறு கணினியில். 'யூஸ் பிரிண்டர் ஓஃப்லைன்' என்பதில் சரிக்குறி இருந்தால் எடுங்கள். வரிசையில் சிக்கிய பழைய வேலைகளை அழியுங்கள். அழிய மறுத்தால் 'சேர்விசஸ்' பட்டியலில் 'பிரிண்ட் ஸ்பூலர்' என்பதை மறுதொடக்கம் செய்யுங்கள். ஒரே பிரிண்டர் 'கொப்பி 1' என்று இரண்டாவது பெயரிலும் இருந்தால், பழையதற்கு அனுப்பிக்கொண்டிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

பக்கம் திறக்காவிட்டால் கோளாறு இணைப்பில். விவரத் தாளை அச்சிடுங்கள். ஐ.பி. முகவரி 169.254 என்று தொடங்கினால், பிரிண்டருக்கு ரவுட்டர் முகவரி கொடுக்கவில்லை என்று பொருள். இரண்டையும் நிறுத்தி இயக்குங்கள். முகவரி சரியாக இருந்தும் திறக்கவில்லையென்றால், கைபேசியும் பிரிண்டரும் ஒரே வைஃபையில்தான் இருக்கின்றனவா என்று பெயரை ஒப்பிடுங்கள். எப்சன் பிரிண்டர்களின் இணைப்பு அறிக்கையில் குறியீடும் வரும். ஈ-2, ஈ-3, ஈ-7 என்றால் பெயரிலோ கடவுச்சொல்லிலோ பிழை. ஈ-5 என்றால் பாதுகாப்பு வகை பொருந்தவில்லை.

உப்புவெளிப் பக்கம் விருந்தினர் விடுதி நடத்துகிறவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. பயணிகளுக்கென்று 'கெஸ்ட்' வைஃபை வைத்திருப்பது நல்ல பழக்கம். ஆனால் அதில் சேரும் கருவிகள் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி ரவுட்டர் பிரித்துவைக்கும். பிரிண்டரை அதில் சேர்த்தால் யாராலும் அச்சிட முடியாது. பிரிண்டர் உங்கள் சொந்த வைஃபையிலேயே இருக்கட்டும். பயணி டிக்கெட் அச்சிடக் கேட்டால் கோப்பை உங்களுக்கு அனுப்பச் சொல்லி நீங்கள் அச்சிட்டுக் கொடுங்கள். கடவுச்சீட்டுகளை ஸ்கேன் செய்யும் கருவியை அறிமுகமில்லாதவர்களின் வைஃபையோடு கலக்கவும் கூடாது. பிரிண்டரின் சொந்தப் பக்கத்துக்கு வரும் நிர்வாகக் கடவுச்சொல்லையும் முதல் நாளே மாற்றிவிடுங்கள்.

மின்சாரமும் இடியும்

மின்சாரம் திரும்பியதும் பிரிண்டர் அரை நிமிடத்தில் எழுந்துவிடும். ரவுட்டர் முழுதாக இயங்கச் சில நிமிடங்கள் ஆகும். வைஃபையைத் தேடிக் காணாமல் சில பிரிண்டர்கள் தேடலையே கைவிட்டுவிடும். எனவே ரவுட்டர் விளக்குகள் நிலையானபின் பிரிண்டரை இயக்குங்கள். 2022 இன் நீண்ட மின்வெட்டுகளின்போது பல வீடுகளுக்கு வந்து சேர்ந்த சிறிய மினி யூ.பி.எஸ்., ரவுட்டருக்கு மிகவும் பயனுள்ளது. ரவுட்டர் நிற்காவிட்டால் பாதித் தொல்லை இல்லை. ரவுட்டரின் அடாப்டரில் 9 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று பார்த்தே வாங்குங்கள். லேசர் பிரிண்டரை மட்டும் கணினிக்கான சிறிய யூ.பி.எஸ். எதிலும் செருகாதீர்கள். தாளில் மையை உருக்கி ஒட்டும் உருளை சூடாகும்போது அது இழுக்கும் மின்சாரத்தைச் சிறிய யூ.பி.எஸ். தாங்காது.

சித்திரை மாதத்திலும், ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமின்னலுக்குக் குறைவில்லை. வானம் இருட்டினால் இரண்டின் பிளக்கையும் கழற்றுங்கள். செப்புத் தொலைபேசி வயரில் இணையம் வரும் வீடுகளில் அந்த வயரையும் ரவுட்டரிலிருந்து எடுத்துவிட வேண்டும். மின்னல் அந்த வழியாகவும் வரும்.

ரவுட்டரை மாற்றும்போது

4ஜியிலிருந்து ஃபைபருக்கு மாறுகிறீர்கள், அல்லது ரவுட்டர் பழுதாகிப் புதியது வருகிறது என்று வையுங்கள். புதிய ரவுட்டரில் பழைய வைஃபை பெயரையும் பழைய கடவுச்சொல்லையும் எழுத்து மாறாமல் வைத்துவிட்டால், பிரிண்டரும் வீட்டிலுள்ள எல்லாக் கைபேசிகளும் தாமாகவே சேர்ந்துகொள்ளும். முகவரிப் பதிவை மட்டும் புதிய ரவுட்டரில் மறுபடி செய்ய வேண்டும். புதியதன் முகவரி 192.168.1.1 க்குப் பதிலாக 192.168.8.1 ஆக இருந்தால், பிரிண்டரின் எண்ணும் 192.168.8.50 என்று மாறும். மெனுவலாகக் கொடுத்திருந்தவர்கள் பிரிண்டரிலும், எல்லோரும் கணினியின் போர்ட்டிலும், பிரிண்டர் மேல் ஒட்டிய தாளிலும் அதைத் திருத்திக்கொள்ளுங்கள்.